பழைய கான்டெஸால பவர் ஆண்டெனா மாட்டப் போறீங்களா, டிரில்லை கையில எடுக்குறதுக்கு முன்னாடி இதை படிச்சிடுங்க

சின்ன வயசுல கல்யாண மண்டப வாசல்ல ஒரு வெள்ளை கான்டெஸா வந்து நின்னா பசங்க நாங்க யாரும் மாப்பிள்ளையை பாக்க மாட்டோம், டிரைவர் ரேடியோவை போடுவாரா, சக்கரத்துக்கு மேல இருக்குற ஃபெண்டர் தகரத்துல இருந்து அந்த ஆண்டெனா கம்பி சர்ர்ருனு எழும்புமானு அதையே பாத்துக்கிட்டு நிப்போம். இப்ப என்கிட்டயே ஒரு கான்டெஸா கிளாசிக் இருக்கு, இசுசு 1.8 பெட்ரோல், ஆனா எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் கண்ணாடியில ஒட்டுற ஆண்டெனா ஒண்ணை ஒட்டி வச்சு, அது வெயில்ல காஞ்சு பாதி பிச்சுக்கிட்டு தொங்குச்சு. அதை கடாசிட்டு, மோட்டார்ல ஏறி இறங்குற பவர் ஆண்டெனா மாட்டுனேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. முதல் தடவை ஒரு எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டு, ரெண்டாவது நானே மாட்டி சொதப்பி, மூணாவதா மாட்டுனதுதான் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. அம்பாசடர், பத்மினி, 118 என்இ, எஸ்டீம் எதுவா இருந்தாலும் வேலை கிட்டத்தட்ட இதேதான், ஃபெண்டருக்கு அடியில கிடைக்கிற இடம்தான் வண்டிக்கு வண்டி மாறும்.

முதல்ல ஒண்ணு. எல்லாரும் இதை மோட்டார் மாட்டுற வேலையா நினைச்சு மாட்டுறாங்க, பவர் வின்டோ மாதிரி. கம்பி ஏறுதா, இறங்குதா, சரி முடிஞ்சது, காசை வாங்கிட்டு கிளம்பிடுவாங்க. ஏறி இறங்குறது வெறும் ஷோ. ஸ்டேஷன் புடிக்கிறது காலர், அதாவது ஆண்டெனாவை ஃபெண்டர் ஓட்டையில புடிச்சு வைக்கிற பல்லு வச்ச வளையம், தகரத்தைக் கடிக்கிற இடத்துல இருக்குற எர்த்து, நாலு வருஷம் உழைக்கிறது அடியில இருக்குற தண்ணி வடியிற டியூப்பு. இந்த ரெண்டையும் பாத்து மாட்டுனா மத்ததெல்லாம் தானா அமையும்.

வாங்கும்போது ரெண்டு வகை இருக்கும். ஒண்ணு செமி ஆட்டோ, மோட்டார்ல இருந்து ரெண்டே வயர் வரும், டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வச்சு மேல கீழ நீங்களே அமுக்கணும், ப்ளஸ் மைனஸை மாத்துனா மோட்டார் திரும்பி சுத்தும் அவ்வளவுதான். இன்னொன்னு ஃபுல் ஆட்டோ, மூணு வயர், ரேடியோவைப் போட்டா ஏறும் நிறுத்துனா இறங்கும், ஏறி முடிஞ்சதும் கரண்டை கட் பண்ற ஏற்பாடும் உள்ளயே இருக்கும். ஃபுல் ஆட்டோவே வாங்குங்க. செமி ஆட்டோவை ரெண்டு ரிலே (சின்ன கரண்டால பெரிய கரண்டை போட்டு நிறுத்துற சுவிட்ச்) போட்டு ஆட்டோ ஆக்கிடலாம்னு யாராவது சொன்னா, கம்பி உச்சிக்கு போனப்புறம் மோட்டாரை யார் நிறுத்துவானு கேளுங்க, கரண்ட் வந்துக்கிட்டே இருந்தா ரேடியோ ஓடுற வரைக்கும் மோட்டாரும் திணறிக்கிட்டே இருந்து காயில் கருகிடும். செமி ஆட்டோதான் கையில இருக்குன்னா கையை எடுத்தா நடுவுல வந்து நிக்கிற ஆறு கால் சுவிட்ச் போடுங்க, நின்ன இடத்துலயே நிக்கிற சாதா சுவிட்ச் வேண்டாம்.

சென்னையில இருக்கவங்களுக்கு புதுசுன்னா ஜி.பி. ரோடு, பழசுன்னா புதுப்பேட்டை. புதுப்பேட்டையில வெளிநாட்டு வண்டில இருந்து கழட்டுன ஆண்டெனா கிடைக்கும், மோட்டார் இரும்பு மாதிரி இருக்கும், ஆனா நாளைக்கு கம்பி வளைஞ்சா அதுக்கு கம்பி மட்டும் தனியா கிடைக்காது, மொத்தமா தூக்கிப் போடணும். அதனால கம்பி தனியா விக்கிற மாடலா கேட்டு வாங்குறது நல்லது. கடையிலயே ஒரு 12 வோல்ட் பேட்டரில மூணு தடவை ஏத்தி இறக்கி பாத்துடுங்க. அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து இன்னும் மூணு செக்: கம்பி நுனிக்கும் ஆண்டெனா பிளக்கோட நடு ஊசிக்கும் கன்டின்யூட்டி (கரண்ட் போற தொடர்பு) இருக்கணும், பிளக்கோட வெளிச்சுத்துக்கும் மோட்டார் பாடிக்கும் இருக்கணும், நடு ஊசிக்கும் வெளிச்சுத்துக்கும் மட்டும் சுத்தமா இருக்கவே கூடாது. கடைசி செக்ல மீட்டர் பீப் அடிச்சா கம்பி உள்ள பாடியில தொடுதுன்னு அர்த்தம், அது கொடிக்கம்பத்துக்குத்தான் ஆகும், ரேடியோவுக்கு ஆகாது. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும்.

கம்பி நீளம் பத்தி ஒரு வார்த்தை. எஃப்எம்முக்கு அலைநீளத்துல கால்வாசி இருந்தா போதும், சென்னை ரெயின்போ 101.4க்கு கணக்கு போட்டா ஏறக்குறைய 74 சென்டிமீட்டர் வருது. அதனால முக்கால் மீட்டர் ஏறுற கம்பி எஃப்எம்முக்கு அளவா இருக்கும். மீடியம் வேவ் கேக்குறவங்களுக்கு இன்னும் நீளமா இருந்தா இன்னும் நல்லது, அதுல நீளம் கூடக்கூட லாபம்தான்.

இப்ப இடம். முன்னாடி ஃபெண்டரா பின்னாடியானு ஒரு பஞ்சாயத்து எப்பவும் இருக்கு. பின்னாடி டிக்கி பக்கம் வச்சா பாக்க அம்சமா இருக்கும், இக்னிஷன்ல இருந்து தூரம்ங்கிறதால இரைச்சலும் கம்மி, ஆனா ரேடியோ செட்டு வரைக்கும் நாலஞ்சு மீட்டர் கேபிள் ஓடணும், அந்த கேபிளே மீடியம் வேவ் சிக்னல்ல ஒரு பங்கை முழுங்கிடும். நான் முன்னாடி இடது பக்கம்தான் வச்சேன். உங்க வண்டில டிஸ்ட்ரிபியூட்டரும் இக்னிஷன் காயிலும் எந்தப் பக்கம்னு பாத்துட்டு அதுக்கு எதிர்ப்பக்கமா எடுங்க.

ஓட்டை போடறதுக்கு முன்னாடி அட்டை வேலை. ஆண்டெனாவை அட்டைப்பெட்டி மேல படுக்க வச்சு மோட்டார், கம்பியோட நைலான் வால் சுருண்டுக்குற டிரம், குழாய் எல்லாத்தையும் வரைஞ்சு வெட்டி, சக்கரத்தைக் கழட்டிட்டு அந்த அட்டையை ஃபெண்டருக்குள்ள வச்சு பாருங்க. ஜாக்கியை மட்டும் நம்பி கீழ கையை விடாதீங்க, ஸ்டாண்டு போடுங்க. அட்டை உக்காந்துச்சுன்னா அதை டேப் போட்டு ஒட்டிட்டு சக்கரத்தை திரும்ப மாட்டி, வண்டியை தரையில இறக்கி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு பாக்கணும், அப்புறம் அந்தப் பக்கம் ரெண்டு பேரை உக்கார வச்சு இன்னொரு தடவை ஒடிச்சு பாக்கணும். ஸ்பீட் பிரேக்கர்ல சக்கரம் எவ்வளவு மேல வரும்னு நம்ம ஊர் ரோட்ல ஓட்டுறவங்களுக்கு சொல்லணுமா என்ன. பானட்டை முழுசா தொறந்து, முன் கதவையும் முழுசா தொறந்து, கம்பி நிக்கப் போற இடத்துல எதுவும் இடிக்கலைனு பாத்துட்டு அப்புறம் மார்க் பண்ணுங்க.

மார்க் பண்ற இடத்துல பழைய டிங்கர் வேலை இருக்கானு ஒரு காந்தத்தை வச்சு பாத்துக்கோங்க, காந்தம் ஒட்டலைன்னா கீழ டிங்கர் பூசுன பட்டி (புட்டி) கனமா இருக்கு, அங்க ஓட்டை போட்டா பட்டி ஓடு மாதிரி உதிரும், காலரும் தகரத்தைத் தொடாது. நாலு விரல் தள்ளி வைங்க. மாஸ்கிங் டேப் ரெண்டு அடுக்கு ஒட்டி, பஞ்ச் வச்சு ஒரு தட்டு தட்டி, 3 மி.மீ பிட்ல முதல் ஓட்டை. அடியில எட்டிப் பாருங்க, பிரேஸ் தகரம் எதுவும் குறுக்க இல்லையேனு. அப்புறம் ஸ்டெப் பிட்ல மெதுவா பெருசாக்குங்க, காலர் என்ன சைஸ் கேக்குதோ அதுக்கு ஒரு படி முன்னாடியே நிறுத்தி மிச்சத்தை அரம் போட்டு ராவிக்கலாம். அவசரப்பட்டு பெரிய பிட்டை நேரா வச்சா தகரத்தைக் கடிச்சு முக்கோணமா கிழிச்சிடும், அப்புறம் டிங்கருக்கும் பெயிண்டருக்கும் தண்டம். இரும்புத் தூளை பிரஷ்ஷால ஒண்ணு விடாம தட்டி எடுங்க, ஃபெண்டர் மடிப்புல கிடந்தா அடுத்த மழைக்கு துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

ஓட்டையோட விளிம்புக்கும் மேல் பக்கத்துக்கும் ரெட் ஆக்சைடு அடிங்க. அடிப்பக்கம் காலர் பல்லு உக்கார்ற வட்டத்தை மட்டும் எமரி பேப்பர்ல பளபளனு வெள்ளைத் தகரம் தெரியிற வரைக்கும் சுரண்டி வைங்க, அங்க பெயிண்ட் போடக்கூடாது. என் ரெண்டாவது சொதப்பல் இங்கதான் நடந்தது, துருவுக்கு பயந்து உள்ள வெளிய எல்லாம் அழகா பெயிண்ட் அடிச்சு காய வச்சு மாட்டுனேன், கம்பி கம்பீரமா ஏறுச்சு, ரேடியோவுல கடல் அலை சத்தம்தான் வந்துச்சு. டைட் பண்ணி முடிச்சதும் அந்த பல்லைச் சுத்தி மட்டும் வாசலினை தடவி விடுங்க, துரு வராது, எர்த்தும் போகாது. மீட்டர்ல காலருக்கும் பேட்டரி மைனஸுக்கும் ஒரு ஓமுக்கு கீழ காட்டணும்.

மேல நட்டு மட்டும் போதாது, கீழ மோட்டார்ல ஒரு பட்டி கிளாம்ப் வரும், அதை உள்பக்க தகரத்துல போல்ட் போட்டு கண்டிப்பா புடிக்க வைங்க. இல்லைன்னா மோட்டார் வெயிட்டு ஆடி ஆடி ஃபெண்டர் தகரம் ஓட்டையில இருந்து விரிசல் விடும். ஃபெண்டர் சரிவுக்கு ஏத்த மாதிரி சாய்வு ரப்பர் ரெண்டு மூணு பெட்டியிலயே இருக்கும், மாத்தி மாத்தி வச்சு கம்பி நேரா நிக்குதானு பத்தடி தள்ளி நின்னு பாத்துட்டு டைட் வைங்க.

அடுத்தது தண்ணி. கம்பி வழியா மழைத்தண்ணி உள்ள இறங்கத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது, அதுக்குத்தான் அடியில ஒரு மூக்கு வச்சு டியூப் குடுத்திருக்காங்க. நெறைய பேர் அந்த டியூப்பை மாட்டவே மாட்டாங்க, இல்லைன்னா நீளமா இருக்குனு சுருட்டி டை போட்டு வச்சிடுவாங்க. சுருட்டுனா நடுவுல தண்ணி தேங்கி திரும்ப மேல ஏறி டிரம்முக்குள்ள நிக்கும், ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாசம் அப்படி நின்னா தை மாசம் மோட்டார் உம்ம்முனு முனகும், கம்பி வராது. டியூப் வளைவு இல்லாம நேரா கீழ இறங்கி ஃபெண்டருக்கு வெளிய முடியணும், நுனியை சாய்வா வெட்டி விடுங்க, சேறு அடைக்காது. சக்கரம் அடிக்கிற சேறுக்கு பழைய டயர் டியூப்பை வெட்டி மோட்டாருக்கு முன்னாடி திரை மாதிரி கட்டிட்டேன். பாலிதீன் கவர்ல மட்டும் இறுக்கிக் கட்டிடாதீங்க, உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம வேர்த்து ஊறும்.

வயரிங். பெட்டியில இருக்குற பேப்பரை பாருங்க, கலர் கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஆனா வேலை மூணுதான். ஒண்ணு பேட்டரில இருந்து நேரா வர்ற 12 வோல்ட், சாவி இருந்தாலும் இல்லைனாலும் வரணும். ரெண்டாவது எர்த்து. மூணாவது ரேடியோவுல இருந்து வர்ற சிக்னல் வயர், அதுல 12 வோல்ட் வந்தா கம்பி ஏறும், போனா இறங்கும். என் முதல் எலக்ட்ரீஷியன் பேட்டரி வயரை ஏசிசில, அதாவது சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைன்ல குடுத்துட்டாரு, சாவியைப் பிடுங்குனதும் கம்பி மேலயே நின்னுடுச்சு. நிக்காம என்ன பண்ணும், இறங்கவும் கரண்ட் வேணும்ல. ஆண்டெனாவே டூப்ளிகேட்டுனு என்கிட்ட சொல்லிட்டாரு, நானும் ஒரு மாசம் கையால அமுக்கிப் பாத்துக்கிட்டு இருந்தேன், அதுல உள்ள நைலான் பல்லு போனதுதான் மிச்சம்.

பேட்டரில இருந்து 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்து, பேட்டரில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளயே 10 ஆம்பியர் பியூஸ் போட்டுடுங்க. பழைய வண்டி பியூஸ் பாக்ஸ் கிளிப்பெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும், அதுல இருந்து பிரிச்சு எடுக்காதீங்க. எர்த்தை பக்கத்துல இருக்குற ஏதோ ஸ்க்ரூல சுத்தாம லக் கிரிம்ப் பண்ணி சுரண்டுன இடத்துல போல்ட் போடுங்க. மோட்டார் ஓடும்போது மோட்டார் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் மீட்டரை வச்சா 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டக்கூடாது.

சிக்னல் வயர்தான் செட்டை எரிக்கிற இடம். இப்ப வர்ற செட்டுல பெரும்பாலும் மஞ்சள் பேட்டரி, சிவப்பு ஏசிசி, கருப்பு எர்த்து, நீலம் ஆண்டெனா, நீலத்துல வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ளிஃபையருக்கு. இந்த நீலத்துல வர்ற கரண்ட் ரொம்ப கம்மி, நெறைய செட்டுல 300 மில்லி ஆம்பியர்தான் தாங்கும். மோட்டாரோ சில ஆம்பியர் இழுக்கும். செமி ஆட்டோ மோட்டாரை நேரா நீலத்துல குடுத்தா முதல் தடவையே செட்டு காலி. ஃபுல் ஆட்டோல அந்த வயர் உள்ள இருக்குற ரிலேயை மட்டும் தட்டுறதால நேரா குடுக்கலாம், ஆனா எதுக்கும் மீட்டரை நடுவுல வச்சு எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்குதுனு பாத்துடுங்க, 200 தாண்டுனா நடுவுல ஒரு சாதா ஹாரன் ரிலே போடுங்க. ரிலே கால்ல நம்பர் போட்டிருக்கும், 86ல செட்டோட நீலம், 85ல எர்த்து, 30ல பியூஸ் போட்ட பேட்டரி வயர், 87ல இருந்து ஆண்டெனாவோட சிக்னல் வயர். 85க்கும் 86க்கும் நடுவுல ஒரு ஒன் என் 4007 டயோடு, வெள்ளைக் கோடு 86 பக்கம், ரிலே ஆஃப் ஆகும்போது காயில் அடிக்கிற உதையை அது வாங்கிக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல இதெல்லாம் சில்லறைக் காசு, புது செட்டோட விலையை நினைச்சுப் பாருங்க.

நீல வயர்ல, டேஷ்போர்டுக்கு அடியில ஒரு சின்ன ஆன் ஆஃப் சுவிட்ச் போட்டுடுங்க. சில செட்டு பாட்டு பென்டிரைவ்ல ஓடுனாலும் ஆண்டெனாவை ஏத்தும், வாட்டர் வாஷ்ல ஏத்தும், மால் பேஸ்மென்ட் பார்க்கிங்ல ஏத்தும். பேஸ்மென்ட் பீம் கம்பியை மடக்குற சத்தம் ஒரு தடவை கேட்டவங்க இந்த சுவிட்ச் இல்லாம இருக்க மாட்டாங்க, நான் கேட்டிருக்கேன். நீல வயரே இல்லாத பழைய கேசட் செட்டுன்னா ஏசிசில இருந்து இந்த சுவிட்ச் வழியா சிக்னலைக் குடுத்துக்கலாம்.

ஆண்டெனா கேபிளை வெட்டாதீங்க. நீளம் பத்தலைன்னா ரெண்டு பக்கமும் பிளக் போட்ட ரெடிமேட் எக்ஸ்டென்ஷன் வாங்குங்க, வீட்ல கிடக்குற டிவி கேபிளை முறுக்கி டேப் சுத்துனா எஃப்எம் ஏதோ வரும், மீடியம் வேவ் செத்துடும், கார் ஆண்டெனா கேபிள் கெப்பாசிட்டன்ஸ் கம்மியா இருக்குற மாதிரி தனியா பண்ணது. ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்குற தகரம்) இருக்குற ரப்பர் குரோமெட் வழியாவே உள்ள கொண்டு போங்க, ஸ்பார்க் பிளக் வயர் பக்கமா போகாம. உள்ள நுழையறதுக்கு முன்னாடி கேபிளை ஓட்டையை விட கொஞ்சம் கீழ தொங்க விட்டு மேல ஏத்துங்க, இல்லைன்னா கேபிள் புடிச்சே தண்ணி வந்து உங்க காலடி மேட்டை நனைக்கும்.

எல்லாம் மாட்டி ரேடியோவைப் போட்டதும் காதை ஃபெண்டர்கிட்ட வைங்க. கம்பி உச்சிக்குப் போய் டக் டக்னு ரெண்டு மூணு சத்தம் வந்து மோட்டார் நிக்கணும். அந்த டக் டக் கிளட்ச் வழுக்குற சத்தம், பயப்பட வேண்டாம், ஆனா அது நிக்காம போய்க்கிட்டே இருந்தா உடனே பியூஸைப் புடுங்கிட்டு கடைக்கு எடுத்துட்டு போங்க.

டியூனிங் நாப் வச்ச பழைய ரேடியோ இன்னும் ஓடுதுன்னா ஒரு வேலை பாக்கி இருக்கு, இதை முக்காவாசி பேர் மறந்துட்டாங்க. ஆண்டெனா சாக்கெட் பக்கத்துலயோ முன்னாடி நாப்புக்குப் பின்னாடியோ ஒரு குட்டி டிரிம்மர் ஸ்க்ரூ இருக்கும். ஆண்டெனா மாத்துனா அதையும் திருப்பி வைக்கணும். கம்பியை முழுசா ஏத்தி, மீடியம் வேவ்ல 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல சன்னமா கேக்குற ஸ்டேஷன் எதையாவது புடிச்சு, ஸ்க்ரூவை மெதுவா திருப்பி சத்தம் அதிகமா வர்ற இடத்துல விட்டுடுங்க. சென்னை 720ஐ வச்சு இதைப் பண்ணாதீங்க, ஊருக்குள்ள அது ஸ்க்ரூ எங்க இருந்தாலும் கத்தும். ராத்திரி பண்ணா தூரத்து ஸ்டேஷன் சுலபமா மாட்டும்.

வண்டி ஸ்டார்ட் பண்ணதும் இரைச்சல் வந்தா ஆண்டெனா பிளக்கை செட்டுல இருந்து உருவிப் பாருங்க. உருவுனதும் நின்னா அது ஆண்டெனா வழியா வருது, காலர் எர்த்தையும் ஸ்பார்க் பிளக் வயரையும் பாக்கணும், ரெசிஸ்டர் வச்ச ஸ்பார்க் பிளக் போட்டா பாதி அடங்கும். நிக்கலைன்னா செட்டோட பவர் வயர் வழியா வருது, ஆண்டெனாவைத் திட்டி பிரயோஜனம் இல்ல. ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க விசில் ஏறுனா ஆல்டர்னேட்டர், டிக் டிக்னு வந்தா இக்னிஷன். பானட்டு கீல்ல பெயிண்ட் அடிச்சு அடிச்சு பானட்டுக்கு எர்த்தே இல்லாம இருக்கும், அதுல இருந்து பாடிக்கு ஒரு பின்னல் எர்த்து பட்டி போட்டதுல எனக்கு டிக் டிக் காணாம போச்சு.

கம்பியை வாரம் ஒரு தடவை காஞ்ச துணியால துடைங்க, துணியில தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு துடைச்சாலும் சரி. கிரீஸ் வைக்காதீங்க, தூசியெல்லாம் சேர்ந்து மாவு மாதிரி ஆகி குழாய் உள்ள சிக்கிக்கும்.

என்னைக்காவது கம்பி வளைஞ்சா மொத்தமா மாத்த வேண்டாம். மேல இருக்குற நட்டைக் கழட்டிட்டு ஒரு ஆளை ரேடியோவைப் போடச் சொல்லுங்க, மோட்டாரே பழைய கம்பியை நைலான் வாலோட வெளிய தள்ளிடும். வால் முழுசா வந்துச்சானு புது வாலோட வச்சு நீளம் பாருங்க, குறைஞ்சா துண்டு உள்ள நிக்குது, அப்ப டிரம் மூடியைத் தொறந்துதான் எடுக்கணும். சரியா இருந்தா புது வாலை பழையது எந்தப் பக்கம் பல்லு காட்டி வந்துச்சோ அதே பக்கமா விட்டு, அடியில தட்டுற வரைக்கும் தள்ளிப் புடிச்சுக்கிட்டு ரேடியோவை நிறுத்தச் சொல்லுங்க, மோட்டார் தானா உள்ள இழுத்துக்கும். புடிக்கலைன்னா இன்னொரு தடவை போட்டு நிறுத்துங்க. நட்டை முதல்ல கையால சுத்தி, ஸ்பேனர்ல ஒரு கால் திருப்பு, அதுக்கு மேல வேண்டாம், அந்த மரை பித்தளை.